பின்கதவுக்கு வெளியே

பிரிக்பீல்ட்ஸ்
22 ஜூன் 2025

கமலநாதன் அவர்களுக்கு,

கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. 'அன்புள்ள' என்று ஆரம்பித்தேன். அடித்தேன். அடித்த தாளை அனுப்பக் கூடாது என்று வேறு தாள் எடுத்தேன்.

தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, ஆறு வாரம் பல்லோடு பல் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கும், பேச முடியாது என்று உங்கள் தங்கை குமுதா பூச்சோங்கிலிருந்து போன் செய்தாள். "அண்ணன் படியில வழுக்கி விழுந்துட்டாராமே அண்ணி, நீங்க பக்கத்துல இல்லையா?" என்றாள். மருத்துவமனையில் நீங்கள் எழுதிக் கொடுத்தது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில்தான் இருந்தேன், என் கையில் தேங்காய் இருந்தது என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் வேறு கதை சொல்லத் தொடங்கிவிட்டதால் நடந்ததை நான் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மேருவில் அந்த மெத்தைத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது லோரிகள் நிற்கின்றன. சாக்கடை ஓரம், முனீஸ்வரர் கோயிலை ஒட்டி அந்தக் கறுப்புக் கல். பதின்மூன்று வருடத்துக்கு முன் அங்கே தீயில் போன பதினொரு பேரின் பெயர். ஏழாவது என் தம்பி ஜீவன். இத்தனை வருடமும் அந்த நாளில் நான் மட்டும் போய் வந்தேன். உங்களுக்கு ஒரு வருடம் ஓவர்டைம், ஒரு வருடம் வயிற்றுவலி, ஒரு வருடம் கார் கிளம்பவில்லை. இந்த வருடம், நீங்கள் வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று சொன்னேன். வந்தீர்கள்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. பவுனம்மாள் ஆன்டி ஆரம்பித்தது. மகள் சாவதற்கு முதல்நாள் "செருப்பு அறுந்துபோச்சும்மா" என்றாளாம். ஆன்டி வருடா வருடம் ஒரு புதுச் செருப்பு கொண்டுவந்து கல்லடியில் வைப்பார். அதைப் பார்த்து எல்லாக் குடும்பமும், பிடித்த சாப்பாட்டோடு, போனவர்கள் கடைசியாகக் கேட்டதையும் வைக்கத் தொடங்கியது. நான் பொரித்த கோழியும் ஸ்டவுட் பீர் பாட்டிலும் வைப்பேன். ஜீவன் கடைசியாக என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் அது எனக்கு ஒரு குறை.

இதை வழியில் காரில் உங்களிடம் சொன்னேன். இறங்கியதும் எதிரிலிருந்த டீக்கடைக்குப் போனீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸ், ஐஸ் போட்ட டீ, ஒன்றோடு வந்து, குனிந்து, அவன் பெயருக்குக் கீழே வைத்தீர்கள்.

சுற்றி இருந்த எல்லோரும் திரும்பி அந்தப் பையைப் பார்த்தார்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் ஒரு நொடி புரியவில்லை.

சபாபதி அண்ணன் சொல்லும் கதையை நீங்கள் கேட்டதே இல்லை. அன்றைக்கு மெத்தை ஏற்ற வந்த லோரியின் கிளீனர் அவர். உள்ளே மாட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பெயர்த்துத் தப்பியவர் அவர் ஒருவர்தான். பத்து வருடம் அங்கே வராமலே இருந்தார். கடந்த மூன்று வருடமாக அந்தக் கல்லடியில் அவர் ஒரே கதையைச் சொல்கிறார். பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. புகையில் முகம் தெரியாத ஒரு பையன் கதவைத் தட்டிக்கொண்டே மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னான்: "பயப்படாதீங்க லா, மாமா எனக்கு தே வாங்கப் போயிருக்காரு. சாவி அவருகிட்டதான் இருக்கு. வந்துருவாரு." யார் அந்தப் பையன், எந்த மாமா என்று அந்தக் குடும்பங்கள் எல்லாம் மூன்று வருடமாகத் தேடின. நானும் தேடினேன். உங்களுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது என்பதால் வீட்டில் சொன்னதில்லை. நீங்களும் அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தீர்கள், ஆனால் அன்று கிள்ளான் ஆபீஸில் இருந்ததாகச் சொன்னீர்கள். ஜீவன் வீட்டில் டீயைத் தொடமாட்டான்.

"யாருக்கு தம்பி இது?" என்று கேட்டார் பவுனம்மாள் ஆன்டி.

"ஜீவனுக்கு."

"எப்பக் கேட்டான்?"

"அன்னிக்கித்தான்" என்றீர்கள். சொன்ன பிறகுதான் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தீர்கள்.

கல்லடியில் உடைக்க வைத்திருந்த தேங்காய் என் கையில் இருந்தது. முதல் அடி எனக்கு நினைவிருக்கிறது. இரண்டாவதும். ஈர விறகு முறியும் சத்தம் வந்தது. மூன்றாவதற்குக் கையைத் தூக்கியபோது ஆன்டியின் மகன் குகன் பின்னாலிருந்து பிடித்தான். பிடிக்காவிட்டால் நிறுத்தியிருக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 18-இல் ஷா ஆலமில் மரண விசாரணையை மறுபடி திறக்கிறார்கள். சபாபதி அண்ணன் சொல்வதை உறுதிப்படுத்த ஒரு ஆள் வேண்டும். கதவைப் பூட்டியது யார், சாவி எங்கே இருந்தது என்று நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான்.

போனில் எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள். அனுப்பியதை அழித்துவிட முடியும். தாளில் எழுதுங்கள்.

தாமரை


பூச்சோங்
28.6.2025

தாமரை,

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுறேன். பிழை இருந்தா விட்டுடு.

குமுதா இட்லி சாம்பார எல்லாம் பிளெண்டர்ல போட்டு அடிச்சு ஸ்ட்ரால குடுக்குறா. மீன் கறியையும் அடிச்சா. குடிச்சேன். அவ புருஷன் சிரிச்சிட்டான், எனக்கும் சிரிப்பு வந்துச்சு, கம்பி இழுத்து ரத்தம் வந்துருச்சு.

நீ அடிச்சத நான் யாருகிட்டயும் சொல்லல. டாக்டர் ரெண்டு தடவ கேட்டாரு. இது விழுந்த அடி மாதிரி இல்லையேன்னாரு. விழுந்தேன்னுதான் எழுதிக் குடுத்தேன். உனக்கு காலேஜ்ல நல்ல பேரு இருக்கு. கெமிஸ்ட்ரி டீச்சர் புருஷன அடிச்சான்னு பேப்பர்ல வந்தா என்ன ஆகும்? நான் பாத்துக்கிட்டேன். நீ பயப்படாத.

அன்னிக்கி நான் கிள்ளான்ல இல்ல. அது பொய்தான். ஃபேக்டரிலதான் இருந்தேன். கடைக்குப் போனேன். அத ஒத்துக்குறேன். கதவு பூட்டியிருந்துச்சுன்னு யாரு பாத்தா? பொகையில கதவு தொறக்கலன்னா எல்லாருக்கும் பூட்டுன மாதிரிதான் தோணும். அந்த லோரி ஆளு பாதி மயக்கத்துல கேட்டத சொல்றான். மேனேஜர்தான் கிள்ளான்ல இருந்தேன்னு சொல்லச் சொன்னான். சொன்னேன். அவனும் செத்துட்டான். இப்ப போய் நான் வாயத் தொறந்தா உள்ள போறது நான் ஒருத்தன்தான்.

நான் பாத்த லாயர் சொல்றாரு, கேக்காத கேள்விக்கு ஏன் பதில் சொல்றீங்கன்னு. எனக்கும் அதான் தோணுது. போனது போச்சு. நான் சொன்னா ஜீவன் எந்திரிச்சு வரப்போறானா?

நான் உன்ன காட்டிக் குடுக்கல. நீயும் இத இதோட விட்டுடு. வயர் கழட்டினதும் வீட்டுக்கு வரேன்.

கமலநாதன்


பிரிக்பீல்ட்ஸ்
7 ஜூலை 2025

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'நான் உன்ன காட்டிக் குடுக்கல, நீயும் விட்டுடு' என்ற இடத்தில் இரண்டு முறையும் நின்றேன். இது பேரம். ஒரு தாடைக்குப் பதினொரு உயிர்.

அதனால் சனிக்கிழமை மேரு போலீஸ் பாலாய்க்குப் போனேன். முன்மேசையில் நம் ஊர்க்காரக் கார்ப்பரல் ஒருவர்.

"கணவர் அடிச்சாரா அக்கா?"

"இல்லை. நான்தான் அவரை அடித்தேன். தேங்காயால்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "எப்போ?"

"மூன்று வாரம் ஆகிறது."

"அவரு ரிப்போர்ட் குடுத்தாரா?"

"விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்."

"அப்புறம் என்னாக்கா? அவரே விழுந்துட்டேன்றாரு. நீங்க ஏன் வம்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? போய் ஒரு அர்ச்சனை பண்ணுங்க லா."

அவர் எழுதும் வரை நாற்காலியை விட்டு நகரவில்லை. ஒன்றரை மணி நேரம். பிறகு மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஒரு அம்மாள் வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், வாக்குமூலம் பதிவானது. ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கல்லூரி முதல்வரிடமும் சொல்லிவிட்டேன். இனி என்னைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் பொய்யில் என் பங்கை நான் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகச் சுங்கை பூலோ. சபாபதி அண்ணன் வீடு. வலது காது இல்லை. அந்தப் பக்கக் கழுத்து மெழுகு உருகி நின்ற மாதிரி இருக்கும். விரல்கள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கின்றன. அந்தக் கையாலேயே எனக்கு மைலோ கலக்கினார். உதவப் போனேன். "உக்காரும்மா, எனக்குப் பழகிப்போச்சு" என்றார்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெத்தை நுரை எரிந்தால் என்ன வாயு வரும் என்று நான் வருடா வருடம் பாடம் எடுக்கிறேன். சயனைடு கலந்த புகை. நாலைந்து மூச்சில் நினைவு போய்விடும். பதின்மூன்று வருடம் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். ஜீவனுக்கு வலி தெரிந்திருக்காது. நீங்களும் "டக்குன்னு போயிருப்பான்மா" என்றீர்கள்.

சபாபதி அண்ணன் சொன்னார்: பின்கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி. வெளிக்காற்று வந்தது. ஆறேழு பேர் தரையில் படுத்து, முகத்தை அந்த இடைவெளியில் வைத்து, முறை போட்டு மூச்சு வாங்கினார்கள். ஒரு ஆள் வாங்கினால் அடுத்த ஆள் அவன் காலைப் பிடித்து இழுப்பான். முதலில் மெதுவாக இழுத்தார்கள். பிறகு கடித்தார்கள், மிதித்தார்கள், ஒருவன் மேல் ஒருவன் ஏறினார்கள். சபாபதி அண்ணன் ஒரு நேபாளிப் பையனின் முகத்தில் கால் வைத்து ஏறித்தான் ஜன்னலைப் பிடித்தாராம். "அவன் பேர் கல்லுல பத்தாவது. வருசா வருசம் அவனப் பாத்துதான் கும்புடுறேன்" என்றார்.

அப்புறம் இன்னொன்று சொன்னார். இதுவரை கல்லடியில் சொல்லாதது. பூட்டு வெளியிலிருந்து ஆடியதாம். யாரோ திறக்கிற மாதிரி. ஜீவன் கத்தினானாம், "மாமா வந்துட்டாரு" என்று. எல்லோரும் கதவோடு கதவாக ஒட்டினார்கள். பிறகு பூட்டு ஆடுவது நின்றுவிட்டது.

அந்த வாரம் உங்கள் வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மோட்டார் சைக்கிள் புகைக்குழாய் சுட்டது என்றீர்கள். தம்பிக்குக் காரியம் நடந்த வீட்டில், அழுதுகொண்டே, உங்கள் கைக்கு நான்தான் மருந்து போட்டேன். ஊதி ஊதிப் போட்டேன்.

அந்தக் கையால் எதைப் பிடித்தீர்கள்?

தாமரை


பூச்சோங்
19.7.2025

தாமரை,

பத்து நாளா எழுதிக் கிழிச்சேன். இத ஒரே மூச்சுல எழுதுறேன்.

கதவ நான்தான் பூட்டினேன். பின்னாடி வழியா துணி ரோல் திருடு போச்சுன்னு மேனேஜர் என்ன எல்லார் முன்னாடியும் நாய்னு திட்டினான். அப்பருந்து நான் அந்தப் பக்கம் இல்லன்னா பூட்டணும்னு சட்டம். அன்னிக்கி மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ஜீவன் வந்து, "மாமா, தொண்டை காயுது, ஒரு தே ஐஸ் வாங்கிட்டு வாங்களேன், அக்காகிட்ட சொல்லாதீங்க"ன்னான். நீதான் அவன் பல்லு கெடும்னு இனிப்பே குடுக்க மாட்டியே. சரின்னு போனேன். கதவப் பூட்டினேன், சாவி இடுப்புல.

கடையில வரிசை. தே கட்டி வாங்கித் திரும்பறேன், கூரைக்கு மேல கறுப்பா ஏறுது. ஓடினேன். பைய இடது மணிக்கட்டுல மாட்டிக்கிட்டு ஓடினேன். ஏன் கீழ போடலன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.

கதவு இரும்பு. உள்ள இடிக்கிறாங்க. நான் ஜீவான்னு கத்தினேன். அவன் உள்ளருந்து, "மாமா, பதறாதீங்க, மெதுவா, மெதுவா தொறங்க"ன்னான். எனக்கு அவன் தைரியம் சொல்றான். பூட்டப் பிடிச்சேன். சட்டியப் பிடிச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு. சாவிய உள்ள விட்டேன். பாதி திரும்புச்சு. தோலு பூட்டோட வந்துச்சு தாமரை, நான் பாத்தேன். கைய எடுத்துட்டேன். சட்டையச் சுத்தி மறுபடி பிடிச்சிருக்கலாம். அது அப்ப தோணல. இல்ல. தோணுச்சு. பொய் எழுதக் கூடாது. தோணுச்சு. அப்ப கதவுக்கு அடியில நெருப்பு நாக்கு மாதிரி ஒண்ணு வெளிய வந்து கால நக்கிட்டுப் போச்சு. பின்னாடி போனேன். ஒரு அடி, ரெண்டடி. சாக்கடைக்கு அந்தப் பக்கம். பத்தடி இருக்கும். அங்க நின்னேன்.

நின்னேன். அவ்வளவுதான். கத்தல. யாரையும் கூப்பிடல. உள்ள தட்டறது கேட்டுச்சு. மாமா மாமான்னு. அப்புறம் மாமா இல்ல, சும்மா சத்தம். மனுஷன் போடற சத்தம் இல்ல அது. கெட்ட வார்த்தையில திட்டினான், என்னத்தான். அது நின்ன பிறகும் ஒருத்தர் ரொம்ப நேரம் தட்டினாங்க, மெதுவா, விட்டு விட்டு. யாருன்னு தெரியல. அதுவும் நின்னப்ப மணிக்கட்டப் பாத்தேன். பையில ஐஸ் ஒரு துண்டு கூட இல்ல. எவ்வளவு நேரம்னு நீயே கணக்குப் போட்டுக்க. நீ படிச்சவ.

பொம்பா, தீயணைப்புக்காரங்க, முன்வாசலுக்கு வந்தாங்க. அவங்க பின்னாடி வர்றதுக்குள்ள சட்டையக் கழட்டிக் கையில சுத்தி, பூட்டத் தொறந்து எடுத்து சாக்கடையில போட்டேன். அப்ப சட்டையச் சுத்தத் தெரிஞ்சுச்சு பாரு. அப்ப வலிக்கவும் இல்ல.

நீ மருந்து போட்டப்ப சொல்லிரலாம்னு வாயெடுத்தேன். நீ ஊதின. சொல்லல.

இத உனக்கு மட்டும் எழுதினேன். படிச்சிட்டுக் கிழிச்சிடு. கோர்ட்ல சொல்ல எனக்கு வராது. அந்த அம்மா செருப்பு வைக்கிறாங்களே, அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல வராது.

கமலநாதன்


பிரிக்பீல்ட்ஸ்
2 ஆகஸ்ட் 2025

கிழிக்கவில்லை.

குகன் வந்தான். விசாரணைக்கு வக்கீல் வைப்பது பற்றிப் பேச. கடிதம் மேசை மேல் ஒரு புத்தகத்துக்குக் கீழே இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். கொடுக்கவில்லை. உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. என் கையால் இது போனால் அது உங்களைப் பற்றி நான் சொன்ன கோள். உங்கள் வாயால் வந்தால்தான் அது அவர்களுக்குப் பதில். உள்ளே இருந்தவர்கள் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். நீங்களே போய்ப் பதில் சொல்லுங்கள்.

நான் இந்த நாட்களில் எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போது உங்கள் தாடை உடைந்த சத்தம் கேட்கிறது. கேட்டால் கை பரபரக்கிறது. போதவில்லை என்று தோன்றுகிறது. உங்கள் வலது கையை நம் வீட்டு அடுப்பில் வைத்துப் பிடிப்பதாக ஒரு நாளைக்குப் பத்து முறை நினைக்கிறேன். நினைத்து முடித்ததும் வெங்காயம் நறுக்குகிறேன். இப்படி ஒரு பெண் எனக்குள் இருந்தாள் என்று நாற்பத்தைந்து வயது வரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அவனுக்கு அங்கே வேலை கேட்டு உங்களை நச்சரித்தது நான். "வேண்டாம்மா, அங்க தூசி" என்றீர்கள். இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்து வாங்கினேன்.

கம்பி கழற்றிவிட்டார்களாம். வாய் திறக்கிறதாம். பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.

தாமரை


பூச்சோங்
16.8.2025

தாமரை,

வாய் ரெண்டு விரல் அளவுதான் தொறக்குது. பேசினா எச்சில் வழியுது. குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுட்டு சத்தமா சொல்லிப் பாக்குறேன். என் பேரு கமலநாதன், கதவப் பூட்டினது நான். இது வரைக்கும் வருது. அதுக்கு மேல குமுதா கதவத் தட்டிடறா, அண்ணே என்னாச்சுன்னு.

லாயர் வேணாம்னுட்டேன். அவரும் என்ன வேணாம்னுட்டாரு.

திங்கட்கிழமை போறேன். நீ வராத. நீ இருந்தா நான் உன்னப் பாத்துப் பேசிடுவேன், அவங்களப் பாத்துப் பேசமாட்டேன்.

கமலநாதன்


மருத்துவமனை, கீழ்த்தளக் காண்டீன்
19 ஆகஸ்ட் 2025, மாலை

உங்களுக்கு,

இதைக் குமுதா மேலே கொண்டுவந்து தருவாள். கண் திறக்க முடியாவிட்டால் அவளே வாசிக்கட்டும். அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

வர வேண்டாம் என்றீர்கள். வந்தேன். கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பவுனம்மாள் ஆன்டியைப் பார்த்துத்தான் பேசினீர்கள். ஒரு இடத்திலும் மேனேஜரைச் சாக்காக இழுக்கவில்லை. 'ஏன் கையை எடுத்தீர்கள்?' என்று அதிகாரி மலாயில் கேட்டார். நீங்கள் தமிழில், "சுட்டுச்சு" என்றீர்கள். மொழிபெயர்ப்பாளர் "பானாஸ்", சூடு, என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் நீங்கள் சேர்க்கவில்லை. அந்த அறையில் யாரும் அழவில்லை. வெளியே வரும்போது ஆன்டி என் கையைப் பிடித்தார். நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

உங்களைக் கைது செய்யவில்லை, மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி விட்டார்கள். அதற்குள் குகன் என்னிடம் வந்தான்.

"அக்கா, நீங்க போய் வேன்ல உக்காருங்க."

"ஏன்?"

"போங்கக்கா. வெயிலா இருக்கு."

அவன் கையில் ஹெல்மெட் இருந்தது. பக்கத்தில் இன்னும் மூன்று பேர். எனக்குப் புரிந்தது. அவன் முகத்தைப் பார்த்த உடனே புரிந்தது. வேனுக்குப் போகவில்லை. உங்களை எச்சரிக்கவும் இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மரத்தடியில் நின்றேன்.

நீங்கள் தனியாக வந்தீர்கள். முதலில் ஒருவன் துப்பினான். நீங்கள் துடைத்துக்கொண்டு நடந்தீர்கள். குகன் பின்னாலிருந்து ஹெல்மெட்டை வீசி அடித்தான். நீங்கள் முழங்காலில் விழுந்தீர்கள். பிறகு நாலு பேரும். விலாவில் உதைத்தார்கள். முகத்தில் ஒருவன் பூட்ஸ் காலை வைத்து அழுத்தினான். ஆறிய தாடை மறுபடி போவது எனக்குத் தெரிந்தது, சத்தம் கேட்காமலே தெரிந்தது. நீங்கள் கையைத் தூக்கவில்லை. ஒரு முறை தலையைத் திருப்பினீர்கள். மரத்தடியில் என்னைப் பார்த்தீர்கள். பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். முப்பது அடி இருக்கும். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். வாயைத் திறந்தால் போதும். எனக்கு உடைந்த தாடை இல்லை.

திறக்கவில்லை. நெருப்பு என்னை நக்கவில்லை. எந்த இரும்பும் என் கையைச் சுடவில்லை. சுகமாக, நிழலில், நின்றேன். போதும் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லும், அப்போது கத்தலாம் என்று காத்திருந்தேன். அந்தக் குரல் வரவில்லை. கடைசியில் ஒரு சீனக் கிழவர் தன் காரிலிருந்து இறங்கி ஹார்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் உங்களைக் காப்பாற்றியது. யார் எவர் என்று தெரியாதவர்.

பவுனம்மாள் ஆன்டி வீட்டுக்கும் போலீஸ் போயிருக்கிறது. யாரும் எதையும் பார்க்கவில்லையாம். ஆன்டி காலையில் எனக்குப் போன் செய்தார். "நீ எங்க ஆளும்மா. நீ வேன்ல இருந்த, சரியா?" என்றார். பதின்மூன்று வருடமாக அந்தக் கல்லடியில் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டவர். சரி ஆன்டி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, மேரு பாலாயில் எனக்கு வாக்குமூலம் எடுத்தாரே அந்த இன்ஸ்பெக்டர் அம்மாள், அவரைக் கூப்பிட்டேன். நாளை காலை பத்து மணிக்குப் போகிறேன். குகன் பெயரையும் மற்ற மூன்று பேரையும் சொல்வேன். நான் எங்கே நின்றேன் என்பதையும் சொல்வேன். இனி அந்தக் கல்லடிக்கு என்னை யாரும் சேர்க்கமாட்டார்கள்.

பார்வை நேரம் ஏழு மணி வரை. இப்போது ஆறே கால். வரச் சொன்னால் வருகிறேன், வேண்டாமென்றால் போய்விடுகிறேன். குமுதாவிடம் சொல்லி அனுப்புங்கள். ஆனால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மன்னிக்க வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே, என் வாயால், ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைச் சொல்லப் பதின்மூன்று வருடம் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அவ்வளவு நாள் தாங்காது.

நானும் நின்றேன்.

தாமரை